ஒரு கூடை முட்டை

நான் சிறுவனாயிருந்தபோது கோடை விடுமுறைக்குத் தாத்தாவின் கிராமத்துக்குப் போவது வழக்கம். ரயிலடியில் வில்வண்டி காத்திருக்கும். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, ஆறேழு பேரும் மூட்டை முடிச்சுகளும் அதற்குள் அடைந்துகொள்வோம். மூன்று மைல் மண் சாலை. ஆனாலும் வண்டி தொட்டில் போல் அசைந்து அசைந்து போகும். பாதி வழியிலேயே எனக்குத் தூக்கம் வந்துவிடும். மறுநாள் அதே வண்டியில், அதே சாலையில், கடைத்தெருவுக்குப் போகும் வண்டிக்காரரோடு நான் ஒருவன் மட்டும் ஏறிக்கொள்வேன். அன்றைக்குத்தான் சங்கடம். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து பேசும். வாயைத் திறந்தால் நாக்கு பல்லுக்கு நடுவில் அகப்பட்டுக்கொள்ளும்.

"நேத்து நல்லாத்தானே போச்சு, இன்னிக்கு ஏன் இப்படிக் குதிக்குது?" என்று கேட்டேன்.

"ஆள் பாரம் இருந்தாத்தான் தம்பி வில்லு வேலை செய்யும். வெறும் வண்டிக்கு வில்லு தூங்கிடும்" என்றார் வண்டிக்காரர்.

அவர் சொன்ன இந்த விஷயம்தான் 1930களில் ஐரோப்பாவின் கெட்டிக்கார இஞ்சினீயர்கள் பலரைத் தூங்கவிடாமல் அடித்தது என்பது எனக்குப் பல வருஷங்கள் கழித்துத் தெரிய வந்தது. அவர்களுடைய கவலை ஏழைகளுக்கு ஒரு கார் செய்ய வேண்டும் என்பது. கொஞ்சம் பெட்ரோல் குடித்து நிறைய தூரம் ஓடும் கார். அதற்கும் வண்டியின் பின் சக்கரத்து வில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். நிறையச் சம்பந்தம் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில், சிக்கனமான காரின் சரித்திரத்தில் பாதி அதன் எஞ்சினில் இல்லை, பின் சக்கரத்தில்தான் இருக்கிறது.

பெட்ரோல் செலவு குறைய வேண்டுமானால் முதலில் வண்டியின் எடை குறைய வேண்டும். இரண்டு டன் எடையுள்ள ஒரு பெரிய காரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் மிஞ்சிப் போனால் 300 கிலோ. வண்டியின் எடையில் அது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. யாராவது ஏறினார்களா என்று வில்லுக்குத் தெரியவே தெரியாது. அரை டன் எடையுள்ள ஒரு சின்னக் காரில் அதே நான்கு பேர் ஏறட்டும். இப்போது பாரம் வண்டியின் எடையில் பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது. அந்தப் பாரத்தில் பெரும் பகுதி பின்னால்தான் விழுகிறது: பின் ஸீட்டில் இருப்பவர்கள், அவர்களுடைய பெட்டிகள், சந்தையில் வாங்கிய மூட்டை எல்லாமே அங்கேதான். தனியாக ஒருவர் ஓட்டிப் போகும்போது பின் சக்கரங்கள் சுமக்கும் எடை ஒன்று. குடும்பத்தோடு போகும்போது ஏறக்குறைய அதைப் போல் இரண்டு பங்கு.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே வில்லை எப்படி அமைப்பது? மெத்தென்று அமைத்தால், குடும்பம் ஏறியதும் வண்டி பின்பக்கம் தாழ்ந்து தரையில் உட்கார்ந்துவிடும். விறைப்பாக அமைத்தால், தனியாளாகப் போகும்போது தாத்தாவின் வில்வண்டி கதைதான். சக்கரம் மேடு பள்ளத்தில் தொத்தித் தொத்திப் போகும். தரையை விட்டு எழும்பிய சக்கரத்துக்குப் பிரேக்கும் பிடிக்காது, திருப்பமும் பிடிபடாது. இன்னொரு நஷ்டமும் உண்டு. குலுக்கலுக்குப் பயந்து காரோட்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைப்பார். தாண்டியதும் மறுபடி முடுக்குவார். சேர்த்து வைத்த வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கித் தொலைத்துவிட்டு, மறுபடி பெட்ரோல் கொடுத்து அதை விலைக்கு வாங்குவது என்பது சிக்கனமான காரியமா? குதிரைச் சக்தி குறைந்த குட்டி எஞ்சினுக்கு இழந்த வேகத்தை மீட்பதே பெரும்பாடு. ஆகவே வேகம் குறையாமல் ஒரே சீராக ஓடவிடும் வில்லும் ஒரு விதத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் கருவிதான்.

இந்தச் சிக்கலில் முதலில் மாட்டிக்கொண்டவர்களில் இத்தாலியர்களும் உண்டு. 1936-ல் ஃபியட் கம்பெனி ஒரு குட்டிக் காரை வெளியிட்டது. ஜனங்கள் அதற்கு 'டோபோலினோ' என்று பெயர் வைத்தார்கள். சுண்டெலி என்று பொருள். அதை வடிவமைத்தவர் டான்டே ஜியாகோஸா. அந்த வேலையில் கை வைத்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எஞ்சின் வெறும் 569 கன சென்டிமீட்டர். இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் கொஞ்சம் பெட்டி வைக்க இடம். எடையையும் செலவையும் குறைப்பதற்காகப் பின் அச்சுக்குக் குட்டையான பட்டை வில்லே போட்டிருந்தார்கள். வழக்கமான வில்லில் பாதி நீளம்தான் என்று சொல்லலாம். கணக்கெல்லாம் சரி. ஆனால் இரண்டு பேருக்கு என்று செய்த காரில் இரண்டு பேர்தான் ஏற வேண்டும் என்று இத்தாலியக் குடும்பங்களுக்கு யார் சொல்வது? பெட்டி வைக்கும் இடத்தில் குழந்தைகள் ஏறினார்கள். குழந்தைகளோடு பாட்டியும் ஏறியிருப்பாள். பாவம், அந்தக் குட்டை வில் என்ன செய்யும்? 1938-ல் சட்டத்தைப் பின்னால் நீட்டி, நீளமான முழுப் பட்டை வில்லைப் போட வேண்டியதாயிற்று. பழைய கார்களில் பற்றுள்ளவர்கள் இன்றைக்கும் டோபோலினோவைக் குட்டை வில், நெட்டை வில் என்றுதான் பிரித்துப் பேசுகிறார்கள். ஒரு காரின் ஜாதகத்தையே அதன் பின் வில் எழுதிவிட்டது பாருங்கள்.

இதே காலத்தில் பிரான்ஸில் நடந்த கதை இன்னும் விசேஷமானது.

அங்கே ஸித்ரோவென் என்ற பெரிய கார்க் கம்பெனி 1934-ல் கடனில் மூழ்கித் திவாலாயிற்று. அதன் ஸ்தாபகர் ஆந்த்ரே ஸித்ரோவென் மறு வருஷமே காலமானார். கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்களான மிஷலன் டயர்க் கம்பெனிக்காரர்கள் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அனுப்பிய ஆட்களில் ஒருவர் பியேர் ழூல் பூலாஞ்ஜே. முதல் உலக யுத்தத்தில் விமானப் படையில் இருந்தவர்; நெட்டையான மனிதர்; பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். மிஷலன் கம்பெனியின் சொந்த ஊரான கிளெர்மான் ஃபெராங் மலைப்பாங்கான விவசாயப் பிரதேசம். சந்தைக்கு வரும் குடியானவர்களை அவர் கவனித்திருக்கிறார். குதிரை வண்டியும் தள்ளு வண்டியுமாக, அரை நாள் வழியிலேயே போய்விடும். இவர்களுக்கு ஒரு கார் செய்தால் என்ன?

1936 வாக்கில் அவர் தம் இஞ்சினீயர்களுக்குக் கொடுத்த உத்தரவு மோட்டார் உலகத்தில் மிகவும் பிரசித்தம். அதன் சாரம் இதுதான்: குடியானவர்கள் மரக்கட்டைச் செருப்போடு ஏறி உட்கார வேண்டும், கூட 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும், மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் போதும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது, புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்மணிகூடச் சிரமமில்லாமல் ஓட்ட வேண்டும். இதெல்லாம் பெரிதில்லை. கடைசியாக ஒன்று சொன்னார். ஒரு கூடை முட்டையை வண்டியில் வைத்து, உழுத வயலின் குறுக்கே ஓட்டிப் போனால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது.

அழகாக இருக்கவேண்டுமா என்பதைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. நான்கு சக்கரமும் அதற்கு மேல் ஒரு குடையும் இருந்தால் சரி.

நமது கதாசிரியர்கள் ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டிக்கும்போது இத்தனை தெளிவாக யோசிப்பதில்லை. இந்த உத்தரவில் முட்டையும் 3 லிட்டரும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்பதை வாசகர்கள் இதற்குள் கண்டுகொண்டிருப்பார்கள். 3 லிட்டர் என்றால் வண்டி காற்றாக இருக்க வேண்டும். காற்றான வண்டி முட்டையை உடைக்காமல் இருக்காது.

இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கும் பொறுப்பு ஆந்த்ரே லெஃபெவ்ர் என்பவர் தலையில் விழுந்தது. காப்ரியேல் வாஸானிடம் விமானமும் பந்தயக் காரும் செய்து பழகியவர். எடையைக் கண்டால் அவருக்கு ஜன்ம விரோதம். பாரமெல்லாம் வண்டியின் முன்னால் இருக்க வேண்டும், வால் லேசாக இருக்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். எஞ்சின் முன்னால், அது சுழற்றும் சக்கரங்களும் முன் சக்கரங்கள்தான். பின் சக்கரங்களுக்கு உருண்டு வருவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆகவே இரண்டு பின் சக்கரங்களையும் சேர்க்கும் கனத்த இரும்பு அச்சை எடுத்து எறிந்துவிடலாம்.

இது சாமானியமான லாபம் இல்லை. வண்டியில் வில்லுக்கு மேலே இருக்கும் எடை வேறு, கீழே இருக்கும் எடை வேறு. சக்கரம், அச்சு, பிரேக் எல்லாம் கீழே. ஒவ்வொரு கல்லிலும் துள்ளுவது அவைதாம். பெரிய காரில் ஒரு கனத்த அச்சு துள்ளினால், மேலே இருக்கும் இரண்டு டன்னும் அதை அமுக்கி உட்காரவைத்துவிடும். அரை டன் காரிலோ துள்ளும் அச்சு மேலே உள்ள உடலோடு மல்யுத்தமே நடத்தும். ஆகவே வண்டி லேசாக லேசாக, சக்கரத்தோடு துள்ளும் சாமான் அதைவிட வேகமாக லேசாக வேண்டும். லெஃபெவ்ரின் கோஷ்டி ஒவ்வொரு பின் சக்கரத்தையும் ஒரு தனிக் கையில் மாட்டியது. கையின் ஒரு முனை வண்டியின் அடிச்சட்டத்தில், கதவு கீலில் அசைவதுபோல் அசையும். மறு முனையில் சக்கரம், வண்டிக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும். நடந்து போகும் குழந்தை கயிற்றில் கட்டிய மரப்பாச்சி வண்டியை இழுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கல் வந்தால் சக்கரம் அதை முட்டி நிற்காமல் பின்வாக்கில் மேலே எழும்பி வழி விடும். வலது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் இடது சக்கரத்துக்குச் செய்தி போகாது.

கை சரி, வில்? முதலில் அவர்கள் பிடித்தது முறுக்குத் தண்டு. துணி பிழியும்போது முறுக்கிய துணி திரும்பிக்கொள்ளப் பார்க்கும் அல்லவா? அதே போல் எஃகுத் தண்டு ஒன்றின் ஒரு முனையை இறுக்கிக் கட்டிவிட்டு மறு முனையைச் சக்கரத்தின் கை முறுக்கும். தண்டு திரும்ப உதறும். அல்ஃபோன்ஸ் ஃபோர்ஸோ என்ற இஞ்சினீயர் இந்தத் தண்டுகளை வைத்து ஒரு விசித்திரமான கட்டமைப்பைச் செய்தார். பின் ஸீட்டுக்கு அடியில் மொத்தம் எட்டுத் தண்டுகள், பக்கத்துக்கு நான்கு. ஒன்று முன் சக்கரத்துக்கு, ஒன்று பின் சக்கரத்துக்கு, ஒன்று இரண்டுக்கும் நடுவில். நான்காவதுதான் ரஸமானது, அது சும்மா இருக்கும். வண்டியில் மூன்று பேர் ஏறி, அதற்கு மேல் நான்காவது ஆளும் 50 கிலோ மூட்டையும் வரும்போதுதான் விழித்துக்கொண்டு தோள் கொடுக்கும். எங்கள் வண்டிக்காரர் சொன்ன தூங்கும் வில்லை அவர்கள் வேண்டுமென்றே செய்து வைத்தார்கள்! பாரம் இல்லாதபோது அது தூங்க வேண்டும், அப்போதுதான் மற்ற வில்கள் மெத்தென்று இருக்கலாம்.

பூலாஞ்ஜே இதற்கிடையில் எடை வேட்டையில் இறங்கியிருந்தார். ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்துப் பார்த்து, இன்னும் லேசாக்க முடியுமா என்று ஆராய்வதற்கென்றே தனி இலாகா ஏற்படுத்தினார். ஸீட்டுகளை ஊஞ்சல் துணி போலக் கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டார்கள். கூரை கித்தான் துணி. சட்டப்படி ஒரு முன் விளக்கு போதும் என்பதால் ஒன்றே ஒன்று. சக்கரக் கைகளை மக்னீஷியக் கலவையில் வார்த்தார்கள்.

சோதனை நடந்த இடம் லா ஃபெர்தே விதாம். பாரிஸுக்கு மேற்கே, சுற்றிலும் மதில் எழுப்பிய பெரிய தோட்டம். நடுவே பிரெஞ்சுப் புரட்சியில் பாழான ஒரு மாளிகையின் எலும்புக் கூடு. பதினான்காம் லூயியின் அரண்மனை வம்புகளையெல்லாம் எழுதி வைத்துப் புகழ் பெற்ற ஸான் ஸிமோன் பிரபு வாழ்ந்த எஸ்டேட் அதுதான். உலகத்தின் ரகசியங்களை அவர் எழுதி ஒளித்து வைத்த இடத்தில், இருநூறு வருஷம் கழித்து ஸித்ரோவென் தன் ரகசியத்தை ஓட்டிப் பார்த்தது.

1939 ஆகஸ்டு கடைசியில் சர்க்கார் அனுமதி கிடைத்தது. மாதிரி வண்டிகள் 250 தயாராகிக்கொண்டிருந்தன. அக்டோபரில் பாரிஸ் கண்காட்சி. செப்டம்பர் 3-ஆம் தேதி யுத்தம் பிரகடனமாயிற்று.

கண்காட்சி நின்று போயிற்று. அடுத்த வருஷம் ஜெர்மானியர் பாரிஸுக்குள் வந்தார்கள். செய்த வண்டிகளை அவர்கள் கையில் சிக்காதபடி அழித்துவிட்டார்கள். சிலவற்றை மட்டும் ஒளித்து வைத்தார்கள். ஹிட்லருக்காக 'மக்கள் கார்' செய்துகொண்டிருந்த ஃபெர்டினாண்ட் போர்ஷேயைச் சந்திக்கப் பூலாஞ்ஜே மறுத்துவிட்டார். ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்ய வேண்டியிருந்த லாரிகளில் வேலையை ஆமை வேகத்தில் நடத்தச் செய்தார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில் கோட்டைத் தவறான இடத்தில் போட்டு, எண்ணெய் போதவில்லை என்பது தெரியாமலேயே எஞ்சின் கருகும்படி செய்தார்கள் என்றும் சொல்வார்கள்.

ஆனால் எனக்கு ஆச்சரியமாயிருப்பது வேறு. அந்த நான்கைந்து வருஷங்களில், அந்நியன் காவலில், பசியும் பயமுமாயிருந்த நகரத்தில், ஒரு சிலர் உட்கார்ந்து தாங்கள் செய்து முடித்த காரில் என்ன குற்றம் என்று யோசித்தார்கள். யுத்தம் வராமல் இருந்தால் 1939 வண்டியே சந்தைக்கு வந்திருக்கும். எட்டுத் தண்டுகளும் கேபிள்களும் கொண்ட அந்த அமைப்பைக் கிராமத்துக் கொல்லர் யார் பழுது பார்ப்பது? மக்னீஷியம் என்ன விலை விற்கும்? யுத்தம் முடிவதற்குள் லேசான உலோகத்தைக் கைவிட்டு எஃகுத் தகட்டுக்கு வந்துவிட்டார்கள். டால்போ கம்பெனியிலிருந்து வந்த வால்டர் பெக்கியா காற்றால் குளிரும் புதிய எஞ்சின் செய்தார்: 375 கன சென்டிமீட்டர், 9 குதிரைச் சக்தி. எட்டுத் தண்டுகளும் போயின. அவற்றின் இடத்தில் வந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம்.

வண்டியின் அடியில், இரண்டு பக்கமும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் படுக்கை வாட்டத்தில் ஒரு குழாய். அதற்குள் இரண்டு சுருள் வில்கள். முன் வில்லை ஒரு கம்பி முன் சக்கரத்தின் கையோடு சேர்க்கிறது. பின் வில்லை இன்னொரு கம்பி பின் சக்கரத்தின் கையோடு சேர்க்கிறது. சக்கரம் மேலே எழும்பினால் கம்பி இழுபடும், வில் அழுந்தும். இதுவரையில் பெரிய விசேஷம் இல்லை. விசேஷம், அந்தக் குழாய் அடிச்சட்டத்தில் இறுகப் பூட்டப்படவில்லை என்பது. இரண்டு முனையிலும் சிறு வில் வைத்து, முன்னும் பின்னும் கொஞ்சம் நகரும்படி விட்டிருந்தார்கள்.

அதனால் என்ன ஆகிறது? முன் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறுகிறது. கம்பி இழுக்கிறது, வில் அழுந்துகிறது, கூடவே குழாயும் முன்னால் நகர்கிறது. குழாய் நகர்ந்ததும் பின் கம்பி இழுபட்டுப் பின் சக்கரம் கீழே அழுத்தப்படுகிறது, அதாவது வண்டியின் பின்பக்கம் சற்று உயர்கிறது. மூக்கு தூக்கும்போது வாலும் தூக்குகிறது. வண்டி மட்டம் தவறுவதில்லை. கண நேரம் கழித்து அதே கல் பின் சக்கரத்தின் கீழ் வருகிறது. இப்போது எல்லாம் தலைகீழாக நடக்கிறது. முன் சக்கரம் தான் பட்ட அடியைப் பின் சக்கரத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் காரின் பெரிய வியாதி முன்னும் பின்னும் ஊசலாடுவது. தலையாட்டிப் பொம்மை போல. அந்த வியாதிக்கு இது மருந்து. வண்டி எழும்பித் தாழும், ஆனால் தலையாட்டாது. கூடையில் முட்டை உருள்வது தலையாட்டும்போதுதான்.

சக்கரம் தனக்குத் தானே படபடவென்று அடித்துக்கொள்வதைத் தடுக்க இன்னொரு உபாயமும் செய்தார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு டப்பா. உள்ளே எண்ணெய், ஒரு வில், வில்லின்மேல் ஓர் இரும்புக் குண்டு. சக்கரம் மேலே துள்ளினால் குண்டு கீழே போகும். கீழே வந்தால் மேலே போகும். துள்ளுகிறவனுக்கு எதிர்த்தாளம் போட்டு அடக்கும் வித்தை. வழக்கமான ஷாக் அப்சார்பர் வில்லின் ஆட்டத்தைத் தடுத்து நிறுத்தும். இது சக்கரத்தின் துள்ளலோடு மட்டும் மல்லுக்கு நின்று, வில்லை அதன் இஷ்டத்துக்கு மெத்தென்று இருக்க விட்டது.

குறை இல்லையா என்றால், இருக்கத்தான் செய்தது. முன்னும் பின்னும் கூட்டுச் சேர்த்ததன் விலையாக, பின்னால் மூட்டை ஏற்றினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. இரவில் விளக்கு வெளிச்சம் மரக்கிளையில் விழும். ஆகவே ஸீட்டில் இருந்தபடியே விளக்குகளைத் தாழ்த்தி உயர்த்த ஒரு திருகு வைத்தார்கள். திருப்பங்களில் வண்டி சாய்வதைப் பார்த்தால் புதியவர்களுக்குப் பிராணன் போய்விடும். கப்பல் போல் ஒரு பக்கம் படுத்துக்கொள்ளும். ஆனால் கவிழ்வது அபூர்வம்.

1948 அக்டோபர் 7-ஆம் தேதி பாரிஸ் கண்காட்சியில், ஜனாதிபதி வான்ஸான் ஓரியோல் முன்னிலையில் திரையை விலக்கினார்கள். 2 ஸே வே என்று பெயர்; இரண்டு குதிரை என்று அர்த்தம், வரிக் கணக்குக்கான குதிரை. சாம்பல் நிறத் தகரம், துணிக் கூரை. பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். டப்பா திறக்கும் கருவியும் கூடவே தருவீர்களா என்று ஓர் அமெரிக்கர் கேட்டாராம். தகரத்தைப் பார்த்தவர்கள் குனிந்து அடியில் இருந்த குழாயைப் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை. வாங்க வந்த ஜனங்களுக்கு அது பார்க்காமலே தெரிந்துவிட்டது. 1949-ல் கம்பெனியால் செய்ய முடிந்தது 876 வண்டிகள்தான். காத்திருப்போர் பட்டியல் வருஷக் கணக்கில் நீண்டது. கிராமத்து டாக்டர், மருத்துவச்சி, பாதிரியார், சின்னக் குடியானவர், இவர்களுக்கு முதலிடம் என்று ஏற்பாடு செய்தார்கள். பாதி ராத்திரியில் சேற்றுப் பாதையில் போக வேண்டியவர்கள் அவர்கள்தாமே! கேட்ட 3 லிட்டர் கைகூடவில்லை. 4, 5 லிட்டர் குடித்தது. முட்டை விஷயத்தில் யாரும் புகார் செய்ததாகத் தெரியவில்லை. 1958-59-ல் இரண்டு பிரெஞ்சு வாலிபர்கள் இந்த வண்டியிலேயே உலகத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார்கள். அதில் எவ்வளவு தூரம் சாலை என்று சொல்லத்தக்கதாக இருந்திருக்கும்!

பின் சக்கரப் புதிருக்கு இது ஒரு விடை. வேறு விடைகளும் வந்தன. அதே ஸித்ரோவென்னில் பால் மாழேஸ் என்பவர் இரும்பு வில்லையே தள்ளிவிட்டு, எண்ணெயும் காற்றும் அடைத்த உருண்டைகளை வைத்தார். பாரம் ஏறினால் பம்பு எண்ணெயைத் தள்ளி வண்டியைப் பழைய உயரத்துக்குத் தூக்கிவிடும். 1954-ல் அதை முதன் முதலில் போட்டது ஒரு பெரிய காரின் பின் சக்கரங்களுக்கு மட்டும். எங்கே நோயோ அங்கே முதல் மருந்து. மறு வருஷம் டி.எஸ். என்ற கார் நான்கு சக்கரத்திலும் அதைத் தாங்கி வந்தது. ஆனால் அது பணக்கார மருந்து.

இங்கிலாந்தில் ஸூயஸ் கால்வாய்ச் சண்டையால் 1956 டிசம்பரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. உடனே ஒரு குட்டிக் கார் வேண்டும் என்று அலெக் இஸ்ஸிகோனிஸிடம் சொன்னார்கள். 1959-ல் மினி வந்தது. நீளம் 10 அடி, சக்கரம் 10 அங்குலம். அதற்குப் பின்னாலும் இழுபடும் கைகள்தான். ஆனால் வில்லுக்குப் பதில் அவருடைய நண்பர் அலெக்ஸ் மோல்டன் செய்த ரப்பர்க் கூம்பு. ரப்பரின் குணம், முதல் அழுத்தத்துக்கு இளகிக் கொடுக்கும், மேலும் அழுத்தினால் இறுகிக்கொள்ளும். ஒரு ஆளுக்கு மெத்தை, நான்கு ஆளுக்குத் தூண். தூங்கும் வில்லும் விழித்த வில்லும் ஒரே கட்டியில்! முன்னையும் பின்னையும் குழாயில் ஓடும் திரவத்தால் இணைத்துப் பார்க்கவும் மோல்டனுக்கு ஆசை. 1962-ல் இன்னொரு காரிலும், 1964-ல் மினியிலும் அதைச் செய்தார்கள். மினி சில வருஷத்தில் ரப்பருக்கே திரும்பிவிட்டது.

இன்று மலிவான சிறு கார்கள் பலவற்றின் பின்னால் குனிந்து பார்த்தால், இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு முறுகும் உத்திரம் குறுக்கே ஓடுவதைக் காணலாம். 1974-ல் ஃபோக்ஸ்வாகன் கால்ஃபில் பரவலாக அறிமுகமான ஏற்பாடு. மலிவு, லேசு, தொல்லை இல்லை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு சக்கரம் மற்றொன்றுக்குச் செய்தி சொல்வது இடமும் வலமுமாகத்தான், முன்னும் பின்னுமாக அல்ல.

பூலாஞ்ஜே தம் கார் பெயர் எடுத்ததை அதிக நாள் பார்க்கவில்லை. 1950 நவம்பரில் கிளெர்மான் ஃபெராங்கிலிருந்து பாரிஸுக்கு வரும் வழியில், தம் கம்பெனியின் பெரிய கார் ஒன்றை ஓட்டி வந்தபோது விபத்தில் இறந்தார். இரண்டு குதிரை வண்டி அதற்குப் பிறகு நாற்பது வருஷம் ஓடிற்று. 1990 ஜூலை 27-ஆம் தேதி போர்த்துகல் நாட்டுத் தொழிற்சாலையில் கடைசி வண்டி இறங்கியபோது மொத்தம் 38 லட்சத்துக்கு மேல் ஆகியிருந்தது. கம்பிகளால் கோத்த அந்தக் குழாய், இடையில் எத்தனையோ மாறியும், கடைசி வண்டியின் அடியிலும் இருந்தது.

அதற்குச் சில வருஷங்களுக்குப் பின், 1990களின் நடுவில், லா ஃபெர்தே விதாம் எஸ்டேட்டின் வைக்கோற் கொட்டகை ஒன்றின் பரணில் மூன்று பழைய வண்டிகள் அகப்பட்டன. ஜெர்மானியர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்த 1939-ஆம் வருஷத்து மாதிரிகள். அவற்றைப் புதுப்பிக்க வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார்கள். தூசும் துருவுமாக, கிடைத்த கோலத்திலேயே காப்பாற்றி வருகிறார்கள். மூன்றுக்கும் முகத்தில் ஒற்றை விளக்குக்குத்தான் இடம்.